கண்காணிப்பும் கண்ணியமும்

எமது பாடசாலையின் ஆசிரியர் அறையிலே சில காலத்துக்கு முன் ஒரு வாதம் நிகழ்ந்தது. வகுப்பறைதோறும் கண்காணிப்புக் கமரா பொருத்துதல் பற்றிய யோசனை ஒன்றை நிர்வாகத்தினர் முன்வைத்திருந்தனர். ஆசிரியர் அனைவரும் ஒருமுகமாக அதனை எதிர்த்தனர். எதிர்த்தவருள் முன்னின்று பேசியவர் என் நெருங்கிய நண்பர். "நாங்கள் படிப்பிக்கிறோமா இல்லையா என்று அறிய வேண்டுமானால் வகுப்புக்குள் வந்து பாருங்கள், பிள்ளைகளைக் கேளுங்கள். தலைக்கு மேலே ஒரு கண்ணைத் தொங்கவிட்டு எங்களிடம் நல்ல வேலையை வாங்க முடியாது; பயத்தைத்தான் வாங்கலாம்" என்று அவர் கூறியபோது அறை முழுவதும் கைதட்டியது. யானும் தட்டினேன்.

அந்த வாரக் கடைசியில் அதே நண்பர் என் வீட்டுக்கு வந்தார். வீட்டினுள்ளே வைப்பதற்கு மலிவான கமரா ஒன்றைத் தெரிவு செய்து தருமாறு கேட்டார். அவரும் மனைவியாரும் தொழில் பார்ப்பவர்கள். வீட்டிலே மூன்று வயதுக் குழந்தை ஒன்று. பாரிசவாதத்தால் நடமாட முடியாத தாயார் ஒருவர். இருவரையும் பகல் முழுவதும் பராமரிப்பவள் ஹற்றன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து அவர்களுடனேயே தங்கியிருக்கும் ஒரு பெண். "விலை கூடியது வேண்டாம். படம் தெளிவாக இருந்தாற் போதும். அவளுக்குத் தெரியாமல் வைக்கக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது" என்றார் நண்பர்.

யான் உடனே விடை கூறவில்லை. அவரைக் குறைகூறும் எண்ணத்தால் அன்று. பாடசாலையிலே எமக்கு அவமானமாகத் தோன்றிய ஒன்று வீட்டிலே இன்னொருவர் விடயத்தில் வெறும் வசதியாகத் தோன்றியது எவ்வாறு என்ற கேள்வி என்னையும் சேர்த்தே குத்திற்று. அக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். நண்பருடைய அச்சம் பொய்யான அச்சம் அன்று. பேச்சு வராத குழந்தையும் எழ முடியாத மூதாட்டியும் தமக்கு நேர்ந்ததை மாலையில் வந்து கேட்பவருக்கு எடுத்துச் சொல்ல இயலாதவர்கள். தாய் விழுந்துவிட்டாரா, குழந்தை அழுகிறதா என்று வேலைத்தலத்திலே மனம் பதைக்கும் மகனைப் பார்த்து, "கமரா முதலாளித்துவத்தின் கருவி, அதனை வாங்காதே" என்று உபதேசிப்பது எளிது, அது பொறுப்பற்ற உபதேசமும் ஆகும். கருவி எதுவாயினும் அதனை யார், யாருக்காக, யார்மீது பயன்படுத்துகிறார் என்பதை வைத்தே அதன் குணத்தை மதிப்பிட வேண்டும். கண்காணிப்புக் கருவியின் வரலாறே இதற்குச் சான்று பகர்கிறது.

அவ்வரலாற்றிலே இரண்டு பிறப்பிடங்கள் உண்டு. ஒன்று பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குரியது. ஆங்கிலத் தத்துவஞானி ஜெரமி பென்தம் 1787இல் எழுதி 1791இல் வெளியிட்ட 'பனொப்டிகன்' என்னும் திட்டத்தைப் பற்றிப் பலர் கேள்வியுற்றிருப்பர். வட்டமான கட்டடம், சுற்றிலும் அறைகள், நடுவிலே ஒரு காவற் கோபுரம். கோபுரத்தில் இருப்பவன் எல்லோரையும் காண்பான். அவனை எவரும் காணார். தாம் எந்நேரத்திற் பார்க்கப்படுகிறோம் என்பதை அறியாத காரணத்தால் அறைகளில் உள்ளோர் எந்நேரமும் பார்க்கப்படுவோராகவே நடந்துகொள்வர். இது சிறைச்சாலைக்காகவே பிறந்த எண்ணம் எனப் பலர் கருதுகின்றனர். அது முழு உண்மையன்று. இவ்வெண்ணத்தின் மூலவர் பென்தத்தின் தம்பியாகிய சாமுவேல். இன்றைய பெலரூஸ் நாட்டிலுள்ள கிறிச்செவ் என்னும் இடத்தில், ருஷ்யப் பிரபுவான பொற்றெம்கினுடைய பண்ணையிலே, தொழிலாளரை மேற்பார்வை செய்யும் பொருட்டு அவர் சிந்தித்த கட்டட அமைப்பே அண்ணனின் கையிற் சிறைச்சாலையாக விரிந்தது. அஃதாவது, காணப்படாமற் காணும் கண் கைதியைத் தேடிப் பிறந்ததன்று. வேலையாளைத் தேடிப் பிறந்தது. பென்தம் தமது நூலின் தலைப்பிலேயே இம்முறைக்குப் பொருத்தமான இடங்களை நிரைப்படுத்துகிறார்: சிறைகள், தொழிற்சாலைகள், ஏழைகள் விடுதிகள், வைத்தியசாலைகள், ஈற்றிலே பாடசாலைகள். ஆசிரியராகிய நாம் இந்த வரிசையைக் கவனித்தல் நன்று.

மற்றைய பிறப்பிடம் நியூயோர்க் நகரின் குவீன்ஸ் பகுதி. அங்கே வாழ்ந்த மேரி வான் பிரிற்றன் பிறவுண் என்ற கறுப்பினப் பெண் ஒரு தாதி. இரவிலே தனித்திருக்க நேர்ந்த அவருக்குக் கதவு தட்டப்படும் ஓசையே அச்சமூட்டியது. அழைத்தாற் பொலிசார் விரைந்து வரும் பகுதியன்று அது. ஆகவே தம் கணவருடன் சேர்ந்து அவரே ஒரு பொறியை ஆக்கினார். வாயிற் கதவிலே ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு துவாரங்கள். அவற்றின் பின்னே மேலும் கீழும் நகரும் ஒரு கமரா. படுக்கையறையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. வெளியே நிற்பவருடன் பேச ஒலிவாங்கி. வேண்டியவர் எனில் தூரத்திலிருந்தே கதவைத் திறக்க ஒரு பொத்தான். ஆபத்தெனில் அபாய ஒலி எழுப்ப மற்றொரு பொத்தான். 1966இல் விண்ணப்பித்து 1969 டிசெம்பரில் அவர் காப்புரிமை பெற்றார். இன்றைய வீட்டுக் கமராக்களுக்கு முன்னோடியாக இதனைக் கூறுவர்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கின் ஒரு வேறுபாடு புலப்படும். தாதியின் கமரா கதவை நோக்கியது. அரசு காக்கத் தவறிய ஓர் உழைக்கும் பெண், வெளியிலிருந்து வரும் ஆபத்தைக் காண்பதற்காகத் தன் கையிலே வைத்திருந்த கண் அது. சாமுவேலின் கண்ணோ உள்ளே திரும்பியது; வலியவன் தன்கீழ் உழைப்பவரைக் காண்பதற்கானது. ஒன்று பலவீனரின் காவல். மற்றது அதிகாரத்தின் காவல். இன்று கடையிலே விற்கப்படும் அந்தச் சிறு பெட்டி இவ்விரண்டுக்கும் ஒருங்கே வாரிசு. அதனை எத்திசையில் திருப்பி வைக்கிறோம் என்பதிலேதான் நாம் எவருடைய வழித்தோன்றல்கள் என்பது தெரியவரும்.

இனி, மலிவு என்பதைப் பார்ப்போம். உள்ளங்கையில் அடங்கும் அப்பெட்டியினுள்ளே ஒரு வில்லை, ஒரு சில்லு, இருளிற் காண்பதற்குச் செங்கீழ்க் கதிர் விளக்குகள், ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, வீட்டு இணையத்துடன் இணையும் வசதி ஆகியன உள்ளன. அசைவு கண்டதும் பதிவு தொடங்கும். உரியவரின் கைத்தொலைபேசிக்குச் செய்தி பறக்கும். 2017இல் அமெரிக்காவின் வைஸ் என்ற கம்பனி இத்தகைய கமராவை ஏறத்தாழ 20 டொலருக்கு விற்கத் தொடங்கியபோது உலகமே வியந்தது. அதற்குப் பின் போட்டி பெருகியது. விலை எங்கும் வீழ்ந்தது. ஆனால் விலை குறைந்த பண்டம் செலவு குறைந்த பண்டமன்று. வாங்குபவர் கொடாத பங்கை வேறு எவரோ, வேறு எவ்வாறோ கொடுக்கின்றனர் என்பதே பொருளியல் உண்மை.

அப்பங்கு மூன்று வழிகளில் அறவிடப்படுகிறது. முதலாவது, மாதச் சந்தா. பதிவைப் பெட்டிக்குள்ளேயே ஒரு மெமரி காட்டிற் சேமிக்கலாம். அன்றேல் கம்பனியின் தொலைதூரக் கணினிகளுக்கு அனுப்பலாம். இரண்டாவது வழிக்கே பல கம்பனிகள் வாங்குபவரைத் தள்ளுகின்றன. மலிவாக வாங்கிய பெட்டிக்கு வாழ்நாள் முழுவதும் வாடகை கட்ட வைக்கின்றன. இரண்டாவது, பராமரிப்பின்மை. மென்பொருளிலே ஓட்டை கண்டால் அடைப்பதற்குப் பணம் செலவாகும். மலிவுப் பண்டத்திலே அதற்கு இடமில்லை. வைஸ் கமராக்களில் ஒரு பலவீனம் இருப்பதை ஆய்வாளர் 2019இல் அக்கம்பனிக்கு அறிவித்தனர். பொதுமக்கள் அறிந்தது 2022இல். முதற் தலைமுறைக் கமராவிலோ அந்த ஓட்டை அடைக்கப்படாமலே அது கைவிடப்பட்டது. 2024 பெப்ரவரியில் அதே கம்பனியின் வாடிக்கையாளர் ஏறத்தாழ 13,000 பேருக்குத் தத்தம் வீட்டுப் படங்களுக்குப் பதிலாக வேறெவரோ வீட்டுப் படங்கள் காட்டப்பட்டன. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லுடனேயே வீடுகளுக்கு வந்த கமராக்களும் பிற கருவிகளும் 2016இல் 'மிராய்' என்ற தீநிரலுக்கு அடிமைப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபரில் அமெரிக்காவின் பெரும் இணையத்தளங்கள் பல அவற்றின் தாக்குதலால் முடங்கின. கள்ளனைப் பிடிக்க வைத்த கண் கள்ளனுக்கு வேலை செய்தது. பிரித்தானியாவிலே பொதுவான தொடக்கக் கடவுச்சொற்களைத் தடைசெய்யும் சட்டம் 2024 ஏப்ரிலிலேயே நடைமுறைக்கு வந்தது.

மூன்றாவது வழியே எல்லாவற்றிலும் கொடியது. அமேசன் நிறுவனம் 2018இல் வாங்கிய றிங் கம்பனிமீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2023 மே மாதத்தில் ஒரு குற்றச்சாட்டை வெளியிட்டது. படுக்கையறை, குளியலறை போன்ற இடங்களில் வைக்கப்பட்ட கமராக்களின் பதிவுகளை அக்கம்பனியின் ஊழியர் ஒருவர் 2017இல் மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும், பார்க்கப்பட்ட பதிவுகள் ஆயிரக்கணக்கானவை என்பதும், அவை பெண்களுடையவை என்பதும் அக்குற்றச்சாட்டிற் கூறப்பட்டன. வெளியார் சிலர் கமராக்களைக் கைப்பற்றி, அவற்றின் ஒலிபெருக்கி வழியே குழந்தைகளைக்கூட அச்சுறுத்தியதாகவும் கூறப்பட்டது. கம்பனி 58 இலட்சம் டொலர் செலுத்த இணங்கியது. பாதுகாப்பு என்ற பெயரில் வீட்டிற்குள்ளே அழைக்கப்பட்ட கண் அவ்வீட்டுப் பெண்களையே காட்சிப் பொருளாக்கிய கதை இது.

வைத்தவரே தம் கமராவால் இவ்வாறு வஞ்சிக்கப்படுவாராயின், வைக்கப்பட்டதையே அறியாத பணிப்பெண்ணின் நிலை யாது? பெட்டிக்குப் பணம் கொடுத்தவர் நண்பர்; நிபந்தனைகளை வாசியாமலே 'சம்மதம்' என்று அழுத்தியவரும் நண்பர். ஆனால் பகல் முழுவதும் அக்கண்முன் குனிந்து நிமிர்வதும், வியர்வை துடைப்பதும், களைத்துச் சுவரிற் சாய்வதும், ஊரிலுள்ள தன் பிள்ளையுடன் தொலைபேசியில் அழுவதும் அவள். மலிவின் மீதிப் பங்கை அவளே கட்டுகிறாள். அவளிடம் எவரும் விலை கேட்கவுமில்லை, சம்மதம் கேட்கவுமில்லை.

இவ்விடத்திற் சிலர், "எம் வீடு எம் உரிமை; எம் வீட்டினுள் நாம் கமரா வைப்பதை யார் தடுப்பது?" என வினவலாம். சட்டத்தை மட்டும் நோக்கின் அவர்களுக்கு ஆதாரம் இல்லாமலில்லை. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனியொருவர் முற்றிலும் தமது சொந்த, வீட்டுத் தேவைக்காகச் செய்யும் தரவுக் கையாளலைத் தன் எல்லைக்கு வெளியே விட்டிருக்கிறது. ஐரோப்பியச் சட்டத்திலும் இத்தகைய விலக்கு உண்டு. எனினும் 2014இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கிற்று. யன்னல்கள் உடைக்கப்பட்டமையால் தம் வீட்டுக் கூரையின்கீழ்க் கமரா வைத்த செக் நாட்டவர் ஒருவரின் வழக்கு அது. கமரா பொது வீதியையும் பதிவு செய்தமையால் அதனை முற்றிலும் வீட்டுக் காரியமெனக் கருத முடியாதென்று நீதிமன்றம் கூறியது. வீட்டுக் கண் பிறருடைய வெளியைத் தொடும்போது அது வீட்டு விடயமாக இருப்பதில்லை என்பதே இதன் சாரம்.

அத்தர்க்கத்தை நாம் இன்னும் ஓரடி நீட்டிப் பார்ப்போம். நண்பருக்கு வீடாக இருக்கும் அதே இடம் அப்பெண்ணுக்கு வேலைத்தலம். இரவிலே அதுவே அவளது தங்குமிடம். சர்வதேசத் தொழில் நிறுவனம் 2011இல் நிறைவேற்றிய 189ஆம் இலக்கச் சமவாயம் வீட்டுப் பணியாளரைத் தொழிலாளர் என்றே ஏற்கிறது. வீட்டிற் தங்கி வேலை செய்வோருக்கு அவர்தம் அந்தரங்கத்தை மதிக்கும் வாழ்நிலை வேண்டுமென வற்புறுத்துகிறது. வகுப்பறை எமது வேலைத்தலம் என்பதனாலேதானே நாம் அங்கு கமராவை எதிர்த்தோம்? வேலைத்தலம் என்ற சொல் அடுக்களைக்கு மட்டும் பொருந்தாது போவது ஏன்?

விடை எம் சமுதாயத்தின் பழைய பழக்கமொன்றில் மறைந்துள்ளது. வீட்டுப் பணியாளரைப் பொலிசாரிடம் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் ஒன்றைக் குடியேற்ற ஆட்சியினர் 1871இலேயே இந்நாட்டிற் கொண்டுவந்தனர். அச்சட்டத்தின் உள்ளக்கிடக்கை யாது? வேலைக்கு வைத்திருப்பவர் நம்பத்தக்கவர். வேலைக்கு வந்தவர் சந்தேகத்துக்குரியவர். எசமானின் நடத்தையைப் பணியாளர் பதிந்து வைக்கும் ஏடு எதுவும் இருந்ததில்லை. நகை தொலைந்தால் முதலிற் சோதிக்கப்படுவது பணிப்பெண்ணின் பெட்டி என்ற வழக்கமும் அம்மனோபாவத்தின் தொடர்ச்சியே. ஒளித்து வைக்கும் கமரா புதிய விஞ்ஞானத்தின் குழந்தை எனினும், அதனை ஒளித்து வைக்கத் தூண்டும் சந்தேகம் மிகப் பழைய வர்க்கச் சந்தேகம்.

பார்க்கப்படும் மனிதருக்கு அதனால் என்ன கேடு என்று கேட்போரும் உளர். "தவறு செய்யாதவர் ஏன் அஞ்ச வேண்டும்?" என்பது அவர் வாதம். இவ்வாதம் ஒழுக்கத்தின் இயல்பையே அறியாத வாதமாகும். குழந்தை அழும்போது ஓடிச்சென்று தூக்குவது அன்பினால் நிகழ்ந்தால் அது ஒழுக்கம். கமராவுக்கு அஞ்சி நிகழ்ந்தால் அது நடிப்பு. இடைவிடாத கண் நல்லவரையும் நடிகராக்கும். மேலும் அது நம்பிக்கை வளர்வதற்கான வாய்ப்பையே அழித்துவிடும். எவரும் பாராதபோதும் ஒருவர் கடமையைச் செய்தார் என்பதை அறிந்த பின்னரே அவரை நம்புகிறோம். 'எவரும் பாராத வேளை' என்பதே இல்லாமற் போயின் நம்பிக்கை எங்கிருந்து பிறக்கும்? இதனை நாம் மாணவரிடத்து நாள்தோறும் காண்கிறோம். மேற்பார்வையாளரின் கண்ணுக்கு மட்டும் நேர்மையாயிருக்கப் பழகிய பிள்ளை அக்கண் திரும்பியவுடன் என்ன செய்கிறது என்பது ஆசிரியருக்குத் தெரியாததன்று.

அவ்வாறாயின் நண்பருக்கு யான் என்ன கூறுவது? வெறுங்கையுடன் அவரைத் திருப்பி அனுப்புவது நேர்மையாகாது. ஆகவே தெரிவு செய்யும் முறையையே அவருடன் இருந்து ஆராய்ந்தேன். அதன் சாரத்தை இங்கு தருகிறேன்.

விலையைக் கேட்பதற்கு முன் தேவையைக் கேட்டல் வேண்டும். அஞ்சுவது வெளிக் கள்ளனுக்காயின் கமரா வாயிலை நோக்கினாற் போதும். அஞ்சுவது தாயார் கட்டிலிலிருந்து விழுவதற்காயின், கட்டில் தெரியும் அளவுக்கு ஒரு கோணம் போதும். வீடெங்கும் சுழலும் கண் வேண்டியதில்லை. அத்தாயார் நினைவு தெளிந்தவராயின் அவரிடமும் கேட்டே வைத்தல் வேண்டும். முதுமை வெட்கத்தைப் பறித்துவிடுவதில்லை. பணிப்பெண் உறங்கும் இடம், உடைமாற்றும் இடம், குளியலறை ஆகியவற்றில் எக்காரணம் கொண்டும் கூடாது. பதிவு வீட்டிலேயே மெமரி காட்டிற் தங்குவதும், சந்தா இன்றி இயங்குவதும், சில நாட்களிற் பழைய பதிவு தானே அழிந்து புதியது ஏறுவதும் ஆன பெட்டியையே நாட வேண்டும். 'வீட்டிலேயே சேமிப்பு' என்ற விளம்பரச் சொல்லையும் அப்படியே நம்பலாகாது. அவ்வாறு விளம்பரம் செய்த யூஃபி என்ற பெயருடைய கமராக்களிலிருந்து சிறு படங்கள் தொலைதூரக் கணினிகளுக்குச் சென்றமை 2022இல் வெளிப்பட்டது. தொழிற்சாலைக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுதல், இரண்டு படியாக அடையாளம் உறுதிசெய்யும் வசதி உள்ளதைத் தேர்தல், எத்தனை ஆண்டுகளுக்கு மென்பொருட் திருத்தம் வழங்கப்படும் என்று கம்பனி எழுத்தில் உரைத்துள்ளதா எனப் பார்த்தல், பேச்சுப் பதிவை நிறுத்திவைத்தல், வில்லையை மூடும் மூடி உள்ளதா என நோக்குதல் ஆகியன ஏனைய விதிகள். படத்தின் துல்லியம் இவற்றுக்கெல்லாம் பின்னரே எண்ணத்தக்கது.

ஆயினும் இவ்விதிகள் அனைத்துக்கும் மேலான விதி ஒன்று உண்டு. எவர் பார்க்கப்படுகிறாரோ அவர் அதனை அறிந்திருக்க வேண்டும். எங்கே இருக்கிறது, எதைப் பார்க்கிறது, பதிவை யார் காண்பார் என்பன அவருக்குச் சொல்லப்பட வேண்டும். ஓய்வு வேளையிலே அதனை மூடிவைக்கும் உரிமை அவர் கையிலும் இருக்க வேண்டும். பழி ஏதும் வந்தால் அப்பதிவைத் தனக்குச் சாட்சியாகக் கேட்கும் உரிமையும் அவருக்கு வேண்டும். இவற்றை ஏற்கும் கமரா காவலாகும். இவற்றை மறுக்கும் கமரா, எத்தனை நல்லவர் வீட்டில் இருந்தாலும், சாமுவேல் பென்தத்தின் கோபுரமே.

வேறொன்றும் கூறினேன். பன்னிரண்டு மணி நேரம் தனித்து ஒரு குழந்தையையும் ஒரு நோயாளரையும் பார்க்கும் பெண் களைத்துத் தவறிழைப்பாளாயின், அத்தவறைக் கமரா காட்டும், களைப்பை நீக்காது. வாரத்தில் ஒரு முழுநாள் விடுமுறை, உரிய சம்பளம், நடுப்பகலில் அயலவர் ஒருவர் எட்டிப் பார்க்கும் ஏற்பாடு ஆகியன குழந்தைக்கு அளிக்கும் பாதுகாப்பைக் கடையில் விற்கும் எந்தப் பெட்டியும் அளிக்காது. தொழிலாளர் குடும்பங்களுக்குப் பொதுவான குழந்தைப் பராமரிப்பு நிலையங்களும் முதியோர் பராமரிப்பும் இல்லாத சமுதாயமே ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியே அஞ்ச வைக்கிறது; அஞ்சிய வீட்டுக்குக் கமராவையும் விற்கிறது. இந்த உண்மையை மறந்து பெட்டியின் தரத்தை மட்டும் ஆராய்பவர் நோயை விட்டு நிழலுக்கு மருந்திடுகிறார்.

நண்பர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அவளிடம் கேட்கிறேன்" என்று கூறிச் சென்றார். அடுத்த வாரம் நடந்ததைச் சொன்னார். மனைவியாரும் உடனிருக்க, தம் அச்சத்தை மறைக்காது அப்பெண்ணிடம் கூறியிருக்கிறார். அவள் நெடுநேரம் நிலத்தைப் பார்த்து நின்றுவிட்டு, "அம்மா கட்டில்ல வையுங்க ஐயா. ராவுல அவங்க எந்திரிக்கப் பாக்குறப்ப எனக்கே பயமா இருக்கு. நான் சோறு திங்கிற எடத்துல மட்டும் வேணாங்க" என்றாளாம்.

இப்போது அவ்வீட்டிலே இரண்டு சிறிய கமராக்கள் உள்ளன. ஒன்று வாயிலை நோக்குகிறது. மற்றது மூதாட்டியின் கட்டிலை. இரண்டாவதன் படம் அப்பெண்ணின் கைத்தொலைபேசியிலும் தெரியும். இரவில் அடுக்களையில் இருந்தபடியே அவள் பார்த்துக்கொள்கிறாள். சம்பளமும் விடுமுறையும் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. அதனை முடித்துவைக்குமாறு யான் நண்பரை விடாது கேட்டு வருகிறேன். ஆசிரியர் அறையில் அன்று அவர் பேசிய பேச்சின் மறுபாதி அதுவே என்பதை அவரும் அறிவார்.